கீழ்வீட்டுக்காரன் தலையில் ஊர்ச் சாக்கடை

பெங்களூரில் மழை வலுத்தால் நம்மில் பலர் மேலே பார்ப்பது வழக்கம். ஓடு ஒழுகுகிறதா, ஜன்னல் வழியே சாரல் அடிக்கிறதா, மாடியில் காயப்போட்ட துணியை எடுத்தாயிற்றா என்று பார்ப்போம். தெரு மட்டத்துக்குக் கீழே குடியிருப்பவனும் கீழறையில் தொழில் நடத்துபவனும் அப்படி மேலே பார்ப்பதில்லை. அவர்கள் தரையைப் பார்க்கிறார்கள். குளியலறை மூலையில் இருக்கும் சல்லடையில் ‘குபுகுபு’ என்று சத்தம் கேட்கிறதா என்று காதைத் தீட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார்கள்.

இந்தச் சத்தத்தைப் பற்றித்தான் இன்று எழுத விரும்புகிறேன். அடுக்குமாடிகளும் கடைகளும் நெருக்கியடிக்கும் இந்த நகரில் ‘பேஸ்மெண்ட்’ என்ற கீழறைகளில் எத்தனையோ தமிழர்கள் பிழைப்பு நடத்துகிறார்கள். தையல் மிஷின் போட்டவர், பைண்டிங் வேலை செய்பவர், அச்சுக்கூடம் வைத்தவர், கட்டடத்தைக் காவல் காப்பவர், அவருடைய மனைவி மக்கள் என்று கணக்கெடுத்தால் தெருவுக்கு நாலு பேராவது தேறுவார்கள். ஊர்ச் சாக்கடை எதிர்த்து வரும்போது முதலில் நனைவது அவர்கள் பாய்தான்.

சல்லடை வழியே வந்த வெள்ளம்

சில ஆண்டுகளுக்கு முன் ஓர் அக்டோபர் இரவு. எங்கள் பேட்டையில் இரண்டு மணி நேரம் விடாமல் மழை. எங்கள் தெரு மேட்டில் இருக்கிறது. அடுத்த தெரு பள்ளத்தில் இருக்கிறது. அந்தப் பள்ளத்துத் தெருவில் மூன்று மாடிக் கட்டடம் ஒன்றின் கீழறையில் என் நண்பர் பைண்டிங் பட்டறை வைத்திருந்தார். திருப்பத்தூர் பக்கத்துக்காரர். இருபது வருஷமாக இந்த ஊரில் நோட்டுப் புத்தகம் தைத்துப் பிழைப்பவர். பட்டறைக்குப் பக்கத்திலேயே தடுப்பு வைத்து அவரும் மனைவியும் இரண்டு பிள்ளைகளும் குடியிருந்தார்கள்.

மழை வருகிறது என்றதும் அவர் படிக்கட்டின் மேல் வாசலில் மணல் மூட்டை அடுக்கினார். தெருத் தண்ணீர் ஒரு சொட்டுக்கூடப் படியிறங்கவில்லை. சமர்த்தர் என்று எல்லோரும் பாராட்டினோம். மணி பதினொன்றுக்கு மழை விட்டது. பதினொன்றரைக்கு அவருடைய மூத்த பையன் ஓடி வந்து என் வீட்டுக் கதவைத் தட்டினான். “மாமா, கக்கூஸ் வழியா தண்ணி வருது. நிக்கவே மாட்டேங்குது. அப்பா உங்களைக் கூட்டிட்டு வரச் சொன்னாரு” என்றான்.

போய்ப் பார்த்தேன். வாசலில் மணல் மூட்டை அப்படியே காய்ந்து கிடந்தது. உள்ளே முழங்கால் அளவு கறுப்புத் தண்ணீர். கழிப்பறைக் கோப்பையிலிருந்தும் தரைச் சல்லடையிலிருந்தும் ஊற்றுப் போல் பொங்கிக்கொண்டிருந்தது. அதில் என்னென்ன மிதந்தன என்று சாப்பாட்டு நேரத்தில் பத்திரிகை படிக்கும் வாசகர்களுக்கு விவரிக்க விரும்பவில்லை. ஒரு பள்ளிக்கூடத்துக்காகத் தைத்து அடுக்கி வைத்திருந்த நோட்டுகள் அடி வரிசையிலிருந்து ஊறி, கட்டுக் கட்டாகச் சரிந்தன. பேப்பர் ரீம்கள் ஊதிப் பெருத்தன. மறுநாள் அவர் போட்ட கணக்கில் நஷ்டம் எண்பதாயிரம் ரூபாய்க்கு மேல். அதில் பாதி வட்டிக்கு வாங்கிய பணம்.

அந்த அம்மாள் அழவில்லை. பிள்ளைகளின் பள்ளிச் சான்றிதழ்கள் இருந்த தகரப் பெட்டியைத் தலையில் வைத்துக்கொண்டு படியில் நின்றார். “மழை விட்டுப் போச்சுங்க. அப்புறம் ஏன் தண்ணி ஏறுது?” என்று என்னைக் கேட்டார். எனக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை.

குடை பிடித்தவன் நானே

பதில் எனக்கு மறுநாள்தான் விளங்கியது. விளங்கியபோது வெட்கமாக இருந்தது.

மழை உச்சத்தில் இருந்தபோது எங்கள் மேட்டுத் தெருவிலும் தண்ணீர் தேங்கியது. தெருவோரக் கால்வாயில் குப்பை அடைத்திருந்ததால் வழியவில்லை. உடனே இளைஞர்கள் நாலு பேர் கடப்பாரை எடுத்து வந்து தெரு நடுவே இருந்த பாதாளச் சாக்கடையின் இரும்பு மூடியை நெம்பித் திறந்தார்கள். ஐந்து நிமிஷத்தில் தெருத் தண்ணீர் சுழித்துக்கொண்டு உள்ளே போய்விட்டது. சபாஷ் என்றோம். அந்த வேலை நடக்கும்போது அவர்கள் தலைக்குக் குடை பிடித்துக்கொண்டு நின்றவன் நான்.

அந்தத் தண்ணீர் எங்கே போயிற்று? பூமிக்குள் மறைந்து விடவில்லை. குழாய் வழியே பள்ளத்துத் தெருவுக்குப் போயிற்று. அங்கே குழாய் நிரம்பி, போக வழி இல்லாமல், தாழ்ந்த வாசல் எது என்று தேடி, என் நண்பரின் கழிப்பறை வழியே வெளியே வந்தது.

கட்டட வேலை செய்யும் நண்பர்களுக்கு இதை விளக்கவே வேண்டாம். மட்டம் பார்க்கக் கொத்தனார் நீளமான குழாயில் தண்ணீர் ஊற்றி இரண்டு முனையையும் இரண்டு சுவரில் பிடிக்கிறாரே, அதே கதைதான். இந்த முனையில் தண்ணீர் எந்த உயரமோ, அந்த முனையிலும் அதே உயரம். சாக்கடைக் குழாய் நிரம்பி, தெருவில் இருக்கும் மூடி வரை தண்ணீர் ஏறிவிட்டால், அந்த மூடியைவிடத் தாழ்வாக உள்ள ஒவ்வொரு கோப்பையும் ஒவ்வொரு சல்லடையும் பொங்கியே தீரும். கீழறையின் தரை தெருவைவிட ஏழெட்டு அடி தாழ்வு. மணல் மூட்டையை வாசலில் அடுக்கி என்ன பயன்? திருடன் கொல்லைப்புறமாக வருகிறான்.

கணக்கு என்ன சொல்கிறது?

மழைநீருக்கு ஒரு வழி, கழிவுநீருக்கு ஒரு வழி என்று இரண்டு தனித்தனி ஏற்பாடுகள் இந்த நகரில் உண்டு. மழைநீர் தெருவோரக் கால்வாய்களில் ஓடி ‘ராஜகாலுவே’ என்னும் பெரிய கால்வாய்களில் சேர வேண்டும். கழிவுநீர் மூடிய குழாயில் சுத்திகரிப்பு நிலையத்துக்குப் போக வேண்டும். கழிவுநீர்க் குழாயின் அகலத்தை நிர்ணயிக்கும் பொறியாளர் வீடுகளில் குளிப்பது, துவைப்பது, சமைப்பது ஆகியவற்றின் தண்ணீரைத்தான் கணக்கில் எடுக்கிறார். மொட்டை மாடியின் மழைத் தண்ணீரையும் தெரு வெள்ளத்தையும் அதில் தள்ளினால் எந்தக் குழாய்தான் தாங்கும்?

இன்னொரு கணக்கும் இருக்கிறது. 1971 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் பெங்களூரின் ஜனத்தொகை சுமார் பதினாறரை லட்சம். 2011 கணக்கெடுப்பில் 84 லட்சத்துக்கு மேல். 1974-ல் காவிரித் திட்டத்தின் முதல் கட்டம் வந்தபோது நகருக்குக் கிடைத்தது நாளொன்றுக்கு 13.5 கோடி லிட்டர். 2024 அக்டோபரில் தொடங்கிய ஐந்தாம் கட்டத்தின் கொள்ளளவு மட்டுமே 77.5 கோடி லிட்டர். ஐந்து கட்டங்களையும் கூட்டினால் 222 கோடி லிட்டருக்கு மேல். வீட்டுக்கு வரும் தண்ணீரில் நூற்றுக்கு எண்பது பங்கு கழிவுநீராகத் திரும்பும் என்பது பொறியாளர்கள் வழக்கமாகப் போடும் கணக்கு. போர்வெல் தண்ணீரும் டாங்கர் தண்ணீரும் கடைசியில் அதே குழாய்க்குத்தான் வருகின்றன.

காவிரியை நூறு கிலோமீட்டர் தூரத்திலிருந்து மேட்டுக்கு ஏற்றிக் கொண்டுவந்ததை எல்லோரும் பெருமையாகப் பேசுகிறோம். வந்த தண்ணீர் வெளியே போகும் வழியைப் பற்றி யார் பேசுகிறார்கள்? பழைய பேட்டைகளில் ஒரு குடும்பம் இருந்த மனையில் இன்று எட்டுக் குடும்பம் இருக்கிறது. தெருவுக்கு அடியில் இருக்கும் குழாய் பல இடங்களில் அன்றைய குழாய்தான்.

வெளியே போகும் தண்ணீர் எங்கே போகிறது என்பதையும் நம்மவர்கள் தெரிந்துகொள்ள வேண்டும். பெங்களூர் கடல் மட்டத்துக்குச் சுமார் 900 மீட்டர் உயரத்தில் ஒரு மேட்டு முதுகில் அமைந்த ஊர். மேற்கே சரியும் தண்ணீர் விருஷபாவதி வழியாக அர்க்காவதியில் சேர்ந்து காவிரியில் கலக்கிறது. கோரமங்களா, ஹெப்பாள் பக்கத்துத் தண்ணீர் ஏரிகளைக் கடந்து தென்பெண்ணையில் கலந்து ஓசூர் கெலவரப்பள்ளி அணைக்குப் போகிறது. அந்த அணையிலிருந்து நுரை பொங்கி வருவதைப் பத்திரிகைகளில் படமாகப் பார்த்திருப்பீர்கள். இங்கே நாம் சுத்தம் செய்யாமல் அனுப்புவது ஒகேனக்கல் வழியாகவோ ஓசூர் வழியாகவோ நம் சொந்தக்காரர்களின் வயலுக்கே போய்ச் சேருகிறது. கிருஷ்ணகிரியிலும் திருவண்ணாமலையிலும் இருக்கிற அண்ணன் தம்பிகளுக்கு நாம் அனுப்பும் சீர்வரிசை இது!

“அண்ணே, உங்களுக்கு எந்த ஊரு?”

மறுநாள் காலை நடந்ததைச் சொல்லாமல் விட்டால் இந்தக் கட்டுரை எழுதுவதில் அர்த்தமில்லை.

விடிந்தும் தண்ணீர் வடியவில்லை. குழாயில் எங்கோ அடைப்பு. தெருவில் பத்துப் பேர் கூடினோம். அலுவலகத்துக்குப் புகார் சொன்னால் லாரி வர நேரமாகும். ஆளைக் கூப்பிட்டால் அரை மணியில் முடியும் என்று ஒருவர் சொன்னார். ஆளுக்கு நூறு, இருநூறு என்று போட்டு ஆயிரத்தைந்நூறு சேர்ந்தது. என் பங்கும் அதில் உண்டு. சிறிது நேரத்தில் ஒருவர் வந்தார். ஐம்பது வயதிருக்கும். தோளில் கயிறு, கையில் மூங்கில் பிளாச்சு. சட்டையைக் கழற்றி மடித்து ஓரமாக வைத்தார். “முதல்ல ஒரு குவார்ட்டருக்குக் காசு குடுங்க சார். அது இல்லாம அந்த நாத்தத்துல எறங்க முடியாது” என்றார். தமிழ் கேட்டதும் எங்களில் சிலர் முகத்தில் ஒரு சங்கடம்.

மூடி திறந்தாயிற்று. அவர் இடுப்பில் கயிறு கட்டிக்கொண்டிருந்தார். அப்போது அந்தப் பைண்டரின் மனைவி கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்தார். இரவு முழுவதும் சாக்கடையில் நின்றவர். எங்கள் எல்லோரையும்விட அந்த அடைப்பு நீங்க வேண்டும் என்ற அவசரம் அவருக்குத்தான் இருந்தது.

“அண்ணே, உங்களுக்கு எந்த ஊரு?” என்று கேட்டார்.

“ஆம்பூர் பக்கம்மா.”

“பிள்ளைங்க இருக்காங்களா?”

“ரெண்டு பொண்ணும்மா.”

“நீங்க எறங்க வேணாம்ண்ணே. எங்களுக்குப் போனது நோட்டுதான். திரும்பத் தெச்சுக்கலாம்” என்றார் அந்த அம்மாள். அதோடு எங்கள் பக்கம் திரும்பி, “உங்க வீட்டுப் பிள்ளையை எறக்குவீங்களா சார்?” என்று ஒரு கேள்வி கேட்டார். பத்துப் பேரில் ஒருவருக்கும் வாய் திறக்கவில்லை.

அந்தக் குழியில் என்ன இருக்கிறது என்பது இறங்குகிறவனுக்குத் தெரியும், இறக்கிவிடுகிறவனுக்குத்தான் தெரியாது. அழுகிய கழிவிலிருந்து ஹைட்ரஜன் சல்பைடு என்ற விஷவாயு உண்டாகிறது. குறைவாக இருந்தால் அழுகிய முட்டை நாற்றம் அடிக்கும். அதிகமானால் மூக்கு மரத்துப்போய் நாற்றமே தெரியாது. நாற்றம் போய்விட்டது என்று நினைத்து மூச்சை இழுக்கிறவன் அங்கேயே சாய்கிறான். அவனைத் தூக்க இறங்குகிறவனும் சாய்கிறான். ஒரே குழியில் இரண்டு பேர், மூன்று பேர் என்று செய்தி வருவதற்கு இதுதான் காரணம்.

சட்டம் இதில் தெளிவாக இருக்கிறது. பாதுகாப்புச் சாதனங்கள் இல்லாமல் மனிதனைச் சாக்கடையிலும் மலக்குழியிலும் இறக்கி வேலை வாங்குவதை 2013-ம் ஆண்டுச் சட்டம் தடை செய்கிறது. முதல் தடவை மீறினால் இரண்டு ஆண்டு வரை சிறை, அல்லது இரண்டு லட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். இது நகராட்சிக்கு மட்டும் போட்ட சட்டம் என்று நினைக்க வேண்டாம். ஆளைக் கூப்பிட்டுக் காசு கொடுக்கும் தனி மனிதனையும் அது கட்டுப்படுத்தும். சாக்கடையில் இறந்தவர் குடும்பத்துக்குப் பத்து லட்சம் ரூபாய் தர வேண்டும் என்று உச்சநீதிமன்றம் 2014-ல் கூறியது. 2023 அக்டோபரில் அதை முப்பது லட்சமாக உயர்த்தியது. 2025 ஜனவரியில் பெங்களூர், சென்னை உள்பட ஆறு பெருநகரங்களில் மனிதரைக் கொண்டு சாக்கடை சுத்தம் செய்வதை நிறுத்த உத்தரவிட்டது. இந்தக் கொடுமையை எதிர்த்து நாடு முழுவதும் இயக்கம் நடத்தி 2016-ல் மகசேசே விருது பெற்ற பெஜவாடா வில்சன் நம் பக்கத்துக் கோலார் தங்கவயலில் பிறந்தவர் என்பதையும் இங்கே நினைவுபடுத்துகிறேன்.

இத்தனை சட்டம் இருந்தும் அன்று காலை நாங்கள் செய்யவிருந்தது என்ன? எந்தச் சாதிக்காரரைக் கூப்பிட்டால் இறங்குவார் என்று எங்களுக்குத் தெரிந்திருந்தது. தெரிந்துதான் கூப்பிட்டோம். ஊரை விட்டு வந்தோம். இந்தப் பழக்கத்தை மட்டும் மூட்டை கட்டிக் கூடவே கொண்டுவந்தோம். அந்த அம்மாள் இல்லாவிட்டால் அன்று அவர் இறங்கியிருப்பார். என்ன ஆகியிருக்கும் என்று இன்றும் நினைக்க மனம் வரவில்லை.

பேசிய தொகையை அவர் கையில் கொடுத்தோம். “எறங்காம எதுக்கு சார்?” என்று வாங்கத் தயங்கினார். அந்த அம்மாள்தான் வற்புறுத்தி வாங்க வைத்தார். பிறகு போன் செய்து புகார் எண் வாங்கினோம். பிற்பகல் ஜெட்டிங் லாரி வந்தது. தண்ணீரைப் பீய்ச்சியடித்து அடைப்பை எடுத்தார்கள். கந்தல் துணி, கட்டட வேலையில் கழுவிவிட்ட சிமெண்ட் கட்டி, ஓட்டல் எண்ணெய்ப் பிசுக்கு, பிள்ளைகளுக்கும் பெண்களுக்கும் பயன்படும் பஞ்சுப் பட்டைகள் எல்லாம் வந்தன. எல்லாம் நம் வீட்டுச் சரக்கு.

லாரியோடு வந்த மேஸ்திரி தெருவில் இருந்த மற்ற மூடிகளையும் திறந்து பார்த்தார். மழை நின்ற பிறகும் எங்கள் மாடிக் குழாயிலிருந்து வடியும் தெளிந்த நீர் சாக்கடைத் தொட்டியில் விழுவதைக் காட்டினார். மூன்று கட்டடங்களின் மாடித் தண்ணீர் நேராகப் பாதாளச் சாக்கடையில் இணைக்கப்பட்டிருந்தது. அந்த மூன்றில் ஒன்று நான் குடியிருந்த கட்டடம். கட்டியபோதே இணைத்துவிட்டார்கள் என்றார் வீட்டுக்காரர். பத்து வருஷம் குடியிருந்த நான் ஒரு நாளும் கேட்டதில்லை.

தண்ணீரில் இறங்கும் முன்

கீழறையில் சாக்கடை ஏறினால் முதல் வேலை சாமானைக் காப்பாற்றுவது அல்ல, உயிரைக் காப்பாற்றுவது. 2025 மே 19 அன்று பெங்களூர் பி.டி.எம். லேஅவுட் பகுதியில் ஒரு அடுக்குமாடியின் கீழ்த்தளத்தில் தேங்கிய தண்ணீரைப் பம்ப் வைத்து இறைக்க முயன்றபோது மின்சாரம் தாக்கி ஒரு முதியவரும், அங்கே வேலை செய்தவரின் பன்னிரண்டு வயது மகனும் இறந்தார்கள். 2024 ஜூலை 27 அன்று டெல்லி பழைய ராஜேந்திர நகரில் கீழ்த்தள நூலகத்தில் வெள்ளம் புகுந்து தேர்வுக்குப் படித்துக்கொண்டிருந்த மூன்று பேர் மாண்டார்கள். அவர்களில் ஒருவர் கேரளத்து இளைஞர். சாமான் வைக்க அனுமதி பெற்ற இடத்தில் நூலகம் நடந்தது.

ஆகவே நண்பர்களே, மின்சார மீட்டரும் சுவிட்சும் தண்ணீருக்கு மேலே, காய்ந்த இடத்தில் இருந்தால் முதலில் மெயினை அணையுங்கள். அவை கீழறையிலேயே இருந்தால் தண்ணீரில் கால் வைக்காதீர்கள். 1912-க்குப் போன் செய்து மின்சாரத்தை நிறுத்தச் சொல்லுங்கள். சாக்கடைப் புகாருக்கு 1916. புகார் எண்ணை எழுதி வைத்துக்கொள்ளுங்கள். வீட்டில் உள்ள எல்லாக் குடித்தனக்காரர்களிடமும் குழாயைத் திறக்க வேண்டாம் என்று சொல்லுங்கள். மேல்மாடியில் ஒருவர் குளித்தால் அதுவும் கீழே உள்ளவர் அறையில்தான் வந்து விழும்.

தெருக் குழாய் நிரம்பியிருக்கும்போது அவசரப்பட்டுப் பம்ப் வைத்து அந்தக் குழாயிலேயே இறைப்பது வீண் வேலை. இறைத்த தண்ணீர் மறுபடியும் கோப்பை வழியே வரும். மூட்டையில் மணலை இறுக்கிக் கட்டிக் கோப்பையையும் சல்லடையையும் அழுத்தி மூடினால் வேகம் ஓரளவு குறையும்.

வடிந்த பிறகு செய்ய வேண்டியது இன்னும் முக்கியம். இந்த ஊரில் பெரும்பாலான வீடுகளில் குடிதண்ணீர் நிலத்தடி ‘சம்ப்’பில்தான் தேங்குகிறது. சாக்கடை பொங்கிய வீட்டில் அந்தச் சம்ப்பை நம்பக் கூடாது. முழுவதும் இறைத்து, தேய்த்துக் கழுவி, பிளீச்சிங் பவுடர் போட்டுச் சுத்தம் செய்து, மறுபடி நிரப்பும் வரை அந்தத் தண்ணீரில் வாய்கூடக் கொப்பளிக்க வேண்டாம். டைபாய்டு, காலரா, மஞ்சள் காமாலை எல்லாம் வரும் வழி இது. எலி மூத்திரம் கலந்த தண்ணீரில் காலில் புண்ணோடு நின்றவர்களுக்கு எலிக்காய்ச்சல் வரலாம். சில நாளில் காய்ச்சல் கண்டால் டாக்டரிடம் ‘சாக்கடைத் தண்ணீரில் நின்றேன்’ என்று சொல்ல மறக்காதீர்கள். தரை கழுவும்போது பிளீச்சிங் பவுடரையும் கக்கூஸ் ஆசிட்டையும் ஒன்றாகக் கலக்காதீர்கள். அதிலிருந்து வரும் குளோரின் வாயு நெஞ்சை அடைக்கும். ஊறிய மெத்தை, தலையணை, திறந்திருந்த மளிகைச் சாமான் எதையும் காய வைத்துப் பயன்படுத்தலாம் என்று ஆசைப்பட வேண்டாம். தூக்கி எறியும் முன் எல்லாவற்றையும் போட்டோ எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

யார் பொறுப்பு?

என் நண்பர் வீட்டுக்காரரிடம் ஒரு மாத வாடகையாவது தள்ளிக் கொடுங்கள் என்று கேட்டார். “மழைக்கு நான் என்ன செய்ய முடியும்?” என்று பதில் வந்தது. நண்பர் மேலே பேசவில்லை. பேச முடியாது. பத்து மாத வாடகை அட்வான்ஸாக அவர் கையில் இருக்கிறது. மேலிடத்தில் புகார் செய்தால் ‘கீழறையில் பட்டறை வைக்கவும் குடியிருக்கவும் யார் அனுமதி கொடுத்தது?’ என்ற கேள்வி முதலில் இவர் மேல்தான் விழும். கீழ்த்தளம் வாகனம் நிறுத்தவும் சாமான் வைக்கவும்தான், மனிதர் குடியிருக்க அல்ல என்பதுதான் கட்டட விதிகளின் நோக்கம். அந்த விதியை மீறி வாடகை வாங்குகிறவர் நிம்மதியாக இருக்கிறார். மீறிக் குடியிருக்கிறவன் பயந்து சாகிறான். விதி இப்படித் தலைகீழாக வேலை செய்வது நியாயமா?

மழைக்கு வீட்டுக்காரர் பொறுப்பில்லை, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் தெரு மட்டத்துக்குக் கீழே கழிப்பறை கட்டி, அதை நேராகத் தெருச் சாக்கடையில் இணைத்தது மழையா? கழிவுநீர் வெளியே போகலாம், உள்ளே வரக் கூடாது என்று தடுக்கும் ஒருவழி வால்வு ஒன்று இருக்கிறது. அதன் விலை அந்தப் பட்டறையின் ஒரு மாத வாடகையைவிடக் குறைவு. அதையும் அவ்வப்போது திறந்து சுத்தம் செய்ய வேண்டும். ஒரு கந்தல் சிக்கினாலும் கதவு மூடாது. இதைவிட நல்ல வழி, கீழறைக் கழிவுநீரை ஒரு தொட்டியில் சேர்த்து, பம்ப் மூலம் தெரு மட்டத்துக்கு மேலே ஏற்றி, பிறகு சாக்கடையில் விடுவது. இந்த இரண்டில் ஒன்றும் இல்லாத கீழறையை வாடகைக்கு விடுவது தெரிந்தே செய்யும் தவறு என்பது என் அபிப்பிராயம். வாடகைக்குப் பேசும்போதே நம்மவர்கள் இதைக் கேட்க வேண்டும். அட்வான்ஸ் கொடுத்த பிறகு கேட்பது காற்றில் பேசுவது.

நிர்வாகத்தின் பொறுப்பு பெரிது. தண்ணீர்ப் பில்லில் கழிவுநீருக்கென்று தனியாகத் தொகை வசூலிக்கிறார்கள். ஆகவே கழிவுநீரை அகற்றுவது தர்மம் அல்ல. காசு வாங்கிச் செய்யும் வேலை. மழைக்காலம் தொடங்கும் முன் தாழ்ந்த தெருக்களின் குழாய்களை இயந்திரத்தால் சுத்தம் செய்ய வேண்டும். மாடித் தண்ணீரைச் சாக்கடையில் விட்டிருக்கும் கட்டடங்களைத் தெருத்தெருவாகக் கண்டுபிடித்துத் துண்டிக்க வேண்டும். ஒரு மனையில் எட்டு வீடு கட்ட அனுமதி கொடுக்கும்போது அந்தத் தெருக் குழாய் எட்டு வீட்டைத் தாங்குமா என்று பார்த்துக் கொடுக்க வேண்டும். மழைநீர்க் கால்வாய் ஓர் அமைப்பிடம், கழிவுநீர்க் குழாய் இன்னோர் அமைப்பிடம். 2025 செப்டம்பரில் மாநகராட்சியே ஐந்தாகப் பிரிந்தது. எத்தனை அலுவலகமானாலும் சரி, கீழறைக்காரன் தட்ட வேண்டிய கதவு ஒன்றாக இருக்க வேண்டும்.

கடைசியாக நம் பொறுப்பு. இதைச் சொல்லாமல் மற்றவர்களை மட்டும் குறை சொல்ல எனக்கு யோக்யதை இல்லை. குடை பிடித்தவன் அல்லவா நான்?

மனு எழுதத் தெரிய வேண்டும்

அந்த நிகழ்ச்சிக்குப் பின் எங்கள் கட்டடத்தில் ஐந்து குடித்தனக்காரர்களும் வீட்டுக்காரரும் உட்கார்ந்து பேசினோம். பிளம்பரை அழைத்து மாடிக் குழாயைச் சாக்கடையிலிருந்து பிரித்தோம். பாதித் தண்ணீரைத் தொட்டியில் பிடித்துத் துணி துவைக்கவும், மீதியை ஜல்லி போட்ட குழியில் இறக்கவும் ஏற்பாடு செய்தோம். செலவைப் பங்கு போட்டுக்கொண்டோம். மற்ற இரண்டு கட்டடங்களில் ஒன்று எங்களைப் பார்த்துச் செய்தது. இன்னொன்று இன்னும் செய்யவில்லை.

பள்ளத்துத் தெருக் குழாயை மாற்றித் தர வேண்டும் என்று ஒரு மனுவும் கொடுத்தோம். அதை எழுதியது யார் தெரியுமா? கன்னடப் பள்ளியில் படித்த அந்தப் பைண்டரின் மூத்த பையன். முப்பது வருஷம் இந்த ஊரில் குமாஸ்தா வேலை பார்த்த எனக்குக் கன்னடத்தில் பேச வரும். நாலு வரி பிழையில்லாமல் எழுத வராது. நம் தமிழை நாம் வீட்டிலும் சங்கத்திலும் காப்போம். குடியிருக்கும் ஊரின் மொழியில் நம் குறையை நாமே எழுதத் தெரிந்துகொள்வது தமிழுக்குச் செய்யும் துரோகம் ஆகாது. மனுவில் கையெழுத்துப் போட்டவர்களில் தமிழர், கன்னடர், தெலுங்கர், உருது பேசுபவர் எல்லோரும் உண்டு. சாக்கடை ஏறும்போது அது மொழி பார்த்து ஏறவில்லையே!

மனு கொடுத்தால் அதன் நகலில் முத்திரை வாங்குங்கள். பதில் வராவிட்டால் தகவல் உரிமைச் சட்டத்தில் கேளுங்கள்; முப்பது நாளில் பதில் தர வேண்டும் என்பது சட்டம். தெருவில் பத்துப் பேர் சேர்ந்து கையெழுத்திட்டால் தனியாக ஒரு கீழறைக்காரன் மேல் கோபம் விழாது. அட்வான்ஸ் பயத்தில் வாய் மூடிக் கிடப்பவனுக்கு மேல்மாடிக்காரர்கள் செய்யக்கூடிய பெரிய உதவி இதுதான்.

என் நண்பர் இப்போது அந்தக் கீழறையில் இல்லை. அடுத்த வருஷமே தெரு மட்டத்தில் சிறிய இடம் பார்த்துப் போய்விட்டார். வாடகை கூடுதல், இடம் பாதி. வட்டிக் கடன் இன்னும் முழுதும் தீரவில்லை. அவர் காலி செய்த கீழறை ஒரு மாதம்கூடப் பூட்டிக் கிடக்கவில்லை. ஒரிஸ்ஸாவிலிருந்து வந்த ஐந்து இளைஞர்கள் அங்கே இருக்கிறார்கள். வால்வு போட்டிருக்கிறதா என்று போய்க் கேட்டேன். அவர்களுக்கு அப்படி ஒன்று இருப்பதே தெரியவில்லை. வீட்டுக்காரரைக் கேட்டேன், பார்க்கலாம் என்றார். மறுபடியும் கேட்கப் போகிறேன்.

வாசகர்களை நான் கேட்டுக்கொள்வது இரண்டே. மழையில் உங்கள் தெருவில் யாராவது சாக்கடை மூடியை நெம்பக் கடப்பாரை எடுத்து வந்தால் குடை பிடிக்காதீர்கள், தடுத்து நிறுத்துங்கள். அடைப்பு எடுக்க ஒரு மனிதரை இறக்கலாம் என்று யாராவது காசு வசூலித்தால், அந்தக் காசில் உங்கள் பங்கைக் கொடுக்காதீர்கள்.